வாசலில் கிடந்த செருப்பு

அந்த வீட்டுச் சுவருக்கு அப்புறம் எந்நேரமும் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. வந்த புதிதில் அதை நாய் என்றுதான் அந்தப் பெண் நினைத்தாள். பெரிய நாய், கட்டிப்போட்டிருக்கிறார்கள், யாரும் சரியாகச் சாப்பாடு போடுவதில்லை என்று. விடிந்த பிறகுதான் அது குளிர் ரூமின் மிஷின் என்று தெரிந்தது. தெரிந்தும் பயம் போகவில்லை. மிஷின் ஓடினால் பயம். திடீரென்று நின்று எல்லாம் அமைதியாகிவிட்டால் அதைவிடப் பயம்.

பதினாறு வயது அவளுக்கு. பள்ளிக்கூடத்து மாணவர் பரிமாற்றத்தில் தேர்வாகி, கடல் தாண்டி, வேறொரு நாட்டில் வேறொருவர் வீட்டில் ஒரு வருஷம் தங்கிப் படிக்க வந்தவள். அவளுடைய அம்மா ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். மகள் கிளம்பிய அன்று தெருவே வாசலில் நின்றது. அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "எம்பொண்ணு பறந்து போறா" என்று தெரியாதவர்களிடம்கூடச் சொன்னாள்.

பறந்து வந்தவள் இறங்கிய முதல் வீடு ஒத்துவரவில்லை. அங்கே எல்லாம் வெள்ளை: சோபா வெள்ளை, விரிப்பு வெள்ளை, பூனை வெள்ளை. எதில் உட்கார்ந்தாலும் கறை படிந்துவிடுமோ என்று அவள் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் பரிமாற்றத் திட்டத்தைக் கவனிக்கிற பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டு, "நல்ல பொண்ணுதாங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா வீட்ல ஒரு பொம்மையை வெச்ச மாதிரி இருக்கு. எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வீட்டுக்குக் காரில் கூட்டி வரும்போது பொறுப்பாளர் அம்மா நல்லபடியாகத்தான் பேசினாள். "கவலைப்படாதம்மா, இவங்க மீன் வியாபாரம் பண்றவங்க, வெள்ளந்தியானவங்க." கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒண்ணு. இதுவும் சரிப்படலேன்னா உன்னை ஊருக்கு அனுப்புறதைத் தவிர எனக்கு வேற வழி கிடையாது" என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. திரும்பிப் போனால் அம்மா அந்தத் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்?

மீன் வீட்டில் மூன்று பேர். அத்தை, மாமா, அவர்களுடைய மகள். "அம்மா அப்பான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்திருப்பாங்க, அதெல்லாம் வேண்டாம், உனக்குன்னு ஒரு அம்மா இருக்கா. என்னை அத்தைன்னு கூப்பிடு, அவரை மாமான்னு கூப்பிடு" என்று வந்த அன்றே அத்தை சொல்லிவிட்டாள். மகளுக்குப் பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் குளிர் ரூம். ஒரு சாண் கனத்தில் கதவு. உள்ளே கூரை வரை மீன் பெட்டிகள். துறைமுகத்திலிருந்து வருகிற சரக்கை மாமா அங்கே உறைய வைப்பார். டிரைவர் வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவார். மிச்சத்தை அத்தை சந்தைக்கடையில் வெட்டி விற்பாள். பாப்பா ஃபோனில் ஆர்டர் எடுப்பாள், முற்றத்தைக் கவனிப்பாள்.

அந்தப் பெண் அவர்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவள். அதனால் புத்தகம் பேசுகிற மாதிரியே பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் கட்டி, தட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுவாள்.

"இன்னொரு துண்டு மீன் வெச்சுக்க" என்றாள் அத்தை முதல் நாள் சாப்பாட்டில்.

"போதும். மிக்க நன்றி. என் வயிறு நிறைந்துவிட்டது."

பாப்பா சிரிப்பை அடக்க முடியாமல் தட்டில் குனிந்தாள். "வயிறு நிறைந்துவிட்டதாம்மா. அடுத்தது வானிலை அறிக்கை வரும் பாரு."

"சும்மா இருடி. அந்தப் புள்ளையாவது ஒழுங்கா பேசுது. உன் பேச்சுல பாதி வெளிய சொல்ல முடியாது."

அன்றைக்கே அவளுக்குச் 'செய்தி' என்று பெயர் வைத்துவிட்டாள் பாப்பா. செய்தி எழுந்திருச்சாச்சா, செய்தி குளிச்சாச்சா என்று வீடு முழுக்க அதுவே பேச்சாயிற்று. கேலிதான், ஆனால் அதில் முள் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தாலும், கேலி எந்த நிமிஷத்தில் கசப்பாக மாறும் என்று யார் கண்டது?

அவள் அதிகம் பயந்தது மாமாவுக்குத்தான். ஆள் கதவு மாதிரி இருப்பார். பேச்சு குறைவு. பேசினாலும் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார். பெட்டி தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் முன்னால் வளைந்திருக்கும். அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவள் தன் தட்டை மெல்ல ஓரத்துக்கு நகர்த்திக்கொள்வாள்.

"இந்தப் புள்ள ஏன் என்னைப் பாத்தா தட்டை நகத்துது?" என்று ஒரு நாள் சுவரிடம் கேட்டார்.

"உங்க மூஞ்சியைப் பாத்து மீனே விறைச்சுப் போகுது. சின்னப் பொண்ணு பயப்படாதா?" என்றாள் அத்தை.

அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. அவள் தலை நிமிரவே இல்லை.

வேலை ஏதாவது செய்தால் பயம் கொஞ்சம் குறையும் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. பாத்திரத்தில் கை வைத்தால் "நீ வை, நீ விருந்தாளி." துடைப்பத்தை எடுத்தால் "அட, உக்காரும்மா." விருந்தாளி என்றால் போகிறவள். அதனால் யாரும் பார்க்காத வேலைகளாகத் தேடித் தேடிச் செய்தாள். கொடியில் கோணலாகக் கிடந்த துணியை நேராக்குவாள். குளியலறையில் சோப்பில் ஒட்டிய முடியை எடுப்பாள். அவள் அம்மாவின் கை அவளிடம் இருந்தது. கீழே கிடக்கிற எதுவானாலும் அதற்கென்று ஒரு இடம் உண்டு, அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது என்பாள் அம்மா.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. மதிய வெயில் சிமெண்டில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அத்தை சந்தைக்கடைக்குப் போய்விட்டாள். டிரைவர் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாப்பா முன்னறையில் ஃபோனில் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தாள். துவைத்த துணியைக் காயப்போட முற்றத்துக்கு வந்தபோது அந்தப் பெண் குளிர் ரூம் வாசலைப் பார்த்தாள்.

செருப்பு கிடந்தது. மாமாவுடையது. வாரில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்து, குதிகாலில் சேறு அப்பி, ஒன்று நேராகவும் ஒன்று குப்புறவும் கிடந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது.

இதற்கு முன்பும் அங்கே செருப்புகள் இப்படிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கை அரிக்கும். ஆள் இருக்கும்போது தொடத் துணிவு வந்ததில்லை. இன்றைக்கு யாரும் இல்லை. இரண்டையும் விரல் நுனியில் எடுத்துக்கொண்டு வீட்டோரக் குழாயடிக்குப் போனாள். பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். செதில் லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தாள். சோப்புப் போட்டாள். வார் இரண்டும் நிஜமான நிறத்துக்கு வந்தபோது, இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, அவளுக்கு ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று இருந்தது. அவர் பார்ப்பார். யார் கழுவியது என்று சுவரிடம் கேட்பார். அத்தை சொல்வாள். வெயில் நன்றாக விழுகிற பின்சுவர் மேல் செருப்பை நிறுத்திவைத்தாள்.

குழாயடியிலிருந்து கை ஈரத்தோடு அவள் வருவதற்கும் பாப்பா பையை மாட்டிக்கொண்டு முற்றத்திலிருந்து வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. வண்டி ஓட்டப் பழகும் வகுப்புக்குப் பாப்பாவுக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டே பேசினாள்.

"செய்தி, நான் கிளம்புறேன். அம்மா வந்தா ரூமைப் பூட்டிட்டேன்னு சொல்லிரு. அப்பா எப்பவும்போல லைட்டைப் போட்டுட்டே டிரைவர்கூடப் போயிட்டாரு. கரண்டு பில்லு வந்தா என்னைத்தான் கேப்பாங்க. அணைச்சுட்டேன். செருப்பு எதுவும் இல்ல, பாத்துட்டுத்தான் பூட்டினேன்."

அந்தப் பெண் வாக்கியத்தைக் கட்டினாள். "செருப்பை எதற்காகப் பார்க்க வேண்டும்?"

"அட, உனக்கு யாரும் சொல்லலியா?" பாப்பா சைக்கிளில் ஏறிவிட்டாள். "உள்ள போறவங்க பூட்ஸு மாத்திக்கிட்டுத்தானே போகணும். வாசல்ல செருப்பு கிடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். அது கிடக்கிற வரைக்கும் ஒருத்தரும் கதவைத் தொடக் கூடாது. வரட்டா?"

கேட் திறந்து மூடியது.

அவள் அங்கேயே நின்றாள். காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. 'அக்கா, நில்லுங்கள், செருப்பை நான் எடுத்துவிட்டேன்' என்று மனசுக்குள் வாக்கியம் சரியாகக் கட்டியும் ஆயிற்று. ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் சைக்கிள் தெரு முனையில் திரும்பிவிட்டது. கேட் வரை ஓடினாள். தெரு வெறிச்சென்று கிடந்தது.

திரும்பி முற்றத்துக்கு ஓடினாள். கதவில் பெரிய பூட்டு. கையால் அறைந்தாள். உள்ளங்கைதான் வலித்தது, சத்தம் வரவில்லை. பாறையில் அடிப்பதுபோல் இருந்தது. காதை வைத்துக் கேட்டாள். மிஷின் உறுமல் ஒன்றுதான் கேட்டது.

ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம், டிரைவரோடு போயிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்க அவளுக்கு ஆசையாக இருந்தது. சத்தம் போடாமல் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். செருப்பை உலர்த்தி இருந்த இடத்தில் வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்போதுதான் கதவோரத்துப் பலகையைப் பார்த்தாள். பூட்ஸ் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பெரிய ஜோடி இல்லை. ஆணியில் அவருடைய தடித்த கோட்டு மட்டும் தொங்கியது. பூட்ஸ் போட்டிருக்கிறார், கோட்டுப் போடவில்லை. சட்டென்று முடித்துவிடுகிற வேலை என்று நினைத்து உள்ளே போயிருக்கிறார்.

கால் நடுங்கியது. சுவரில் லைட் சுவிட்ச் கண்ணில் பட்டது. அது வெளியேதான் இருந்தது. அவர் இருட்டில் இருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. சுவிட்சைப் போட்டாள். அணைத்தாள். போட்டாள். அணைத்துப் போட்டாள். வெளியே ஒரு ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கடைசியில் எரியவிட்டுவிட்டு, வெறுங்காலோடு சந்தையைப் பார்த்து ஓடினாள்.

சந்தைக்கடையில் கூட்டம். அத்தை பலகையில் பெரிய மீன் ஒன்றை வைத்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தலையை வாங்காதே, வால் வேண்டாம், நேத்து கொடுத்தது நாறிப்போச்சு. கூட்டத்தில் நுழைய அவளுக்குத் துணிவு வரவில்லை. பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். எழும்பவில்லை. மறுபடியும் கொடுத்தாள்.

"அத்தை. மாமா குளிர் அறையின் உள்ளே இருக்கிறார். கதவு பூட்டப்பட்டிருக்கிறது."

முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இதுதான் உங்க வீட்டுக்கு வந்த புள்ளையா? தலைப்புச் செய்தியே வந்துருச்சே."

அத்தையும் கத்தியை நிறுத்தாமல் சிரித்தாள். "என்னம்மா, விரிவான செய்தி எப்ப?"

அவளுக்கு எங்கிருந்துதான் அது வந்ததோ. கூட்டத்தை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு போய்ப் பலகையில் இருந்த அத்தையின் கையைப் பிடித்தாள். மீன் இரத்தம் அவள் விரலில் வழிந்தது.

"அத்தே, செருப்ப நான் எடுத்துட்டேன். பாப்பா பூட்டிட்டாங்க. கோட்டு இல்ல அத்தே. மாமா செத்துருவாரு. வா அத்தே."

அத்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல உதிர்ந்தது. கத்தியைப் போட்டாள். கடையை யாரிடம் விட்டோம் என்றுகூடப் பார்க்கவில்லை. செருப்பு ஒன்று வழியில் கழன்றது, அதையும் விட்டாள். ஓடிக்கொண்டே பாப்பாவுக்கு ஃபோன் போட்டாள், அணைத்து வைத்திருந்தது. பூட்டுக்குச் சாவி இரண்டுதான். ஒன்று பாப்பாவின் பையில். இன்னொன்று எப்போதும் மாமா இடுப்பில்.

பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் அத்தை போட்ட சத்தத்தில் சாப்பாட்டுக் கையோடு வந்துவிட்டார். பூட்டைத் தூக்கிப் பார்த்து, "இது சுத்தியலுக்கு அசையாது. அறுக்கணும். இருங்க, வயரை இழுத்துட்டு வாரேன்" என்று ஓடினார்.

அத்தை மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தாள். "முதல்ல இந்தச் சனியனை நிறுத்துறேன்."

"வேண்டாம் அத்தே." அந்தப் பெண் குறுக்கே நின்றாள். "லைட்டும் போயிரும். அவரு இருட்டுல இருப்பாரு."

அத்தை அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு மெயினை விட்டுவிட்டு, மிஷினுக்குத் தனியாக இருந்த பிடியை மட்டும் கீழே இழுத்தாள்.

உறுமல் இறங்கி இறங்கி நின்றது. முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. அத்தையின் மூச்சு மட்டும் கேட்டது. அப்போது கதவுக்குள்ளிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல, மெதுவாக ஒரு தட்டல். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அதுவரை இருந்த எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது.

"இருக்காரு" என்றாள் அத்தை. அதற்கப்புறம் கதவோடு வாயை ஒட்டிவைத்து, "தூங்கிறாதீங்க. கேக்குதா? தூங்கினீங்க, கொன்னுருவேன்" என்று கத்தினாள்.

பட்டறைக்காரர் பூட்டை அறுத்தார். பொறி பறந்தது. பூட்டு விழுந்தும் கதவு வரவில்லை. விளிம்பெல்லாம் பனி கட்டியிருந்தது. மரச் சுத்தியலால் சுற்றிலும் அடித்து, மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வெள்ளைப் புகை தரையோடு உருண்டு வந்து அவர்கள் காலைச் சுற்றியது.

மாமா கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அட்டைப் பெட்டிகளைக் கிழித்துச் சட்டைக்குள் நெஞ்சிலும் முதுகிலும் திணித்திருந்தார். மீசையும் இமையும் வெளுத்திருந்தன. விரல் முட்டிகள் தோல் பிய்ந்து இரத்தம் கட்டியிருந்தன. உள்ளே இருந்த கைப்பிடி உடைந்து வெகுநாளாகிறது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அவரேதான் தள்ளிக்கொண்டு வந்தார்.

இழுத்து வெயிலில் போட்டு, கிடைத்த துணியெல்லாம் போர்த்தி, கையையும் காலையும் தங்கள் உடம்போடு வைத்து அணைத்தார்கள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதில் அவருக்குப் பேச்சு வரவில்லை. வந்தபோது முதலில் கேட்டது இதுதான்:

"லைட்டு… யாரு போட்டது?"

அத்தை திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"அது அணைஞ்சதும் முடிஞ்சுதுன்னு உக்காந்துட்டேன். திரும்ப எரிஞ்சுது. அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. அப்புறந்தான் எந்திரிச்சு அட்டையைக் கிழிச்சேன்."

"இவதான் போட்டா" என்றாள் அத்தை. பிறகு, ஏதோ இடறியதுபோல நிமிர்ந்து, "செருப்பை எடுத்தேன்னு சொன்னியே. ஏன் எடுத்தே?" என்று கேட்டாள்.

"கழுவினேன்."

"கழுவினியா?"

"அழுக்காக இருந்தது. கழுவினேன்."

அத்தை பின்சுவரைப் பார்த்தாள். சுத்தமான செருப்பு இரண்டும் வெயிலில் பளிச்சென்று நின்றன. பட்டறைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை எதுவும் திட்டவில்லை. "நீ உள்ள போ" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு விரல் நுனியில் தோல் உரியும், மற்றபடி உயிருக்கு ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் வந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பிலிருந்து வந்த பாப்பா நடந்ததைக் கேட்டு வாசற்படியிலேயே சரிந்தாள். அதற்கப்புறம் வீட்டில் நடந்த சண்டையை அந்தப் பெண் அறைக்குள்ளிருந்து கேட்டாள்.

"செருப்பு இல்லேன்னா? வாய் எங்க போச்சு? யாராவது இருக்கீங்களான்னு ஒரு குரல் குடுத்தியாடி?"

"செருப்பு இல்லையேம்மா. எப்பவும் செருப்பைத்தானே பாப்போம்."

"லைட்டு எரிஞ்சுதுல்ல?"

"நீதானேம்மா லைட்டை அணை, லைட்டை அணைன்னு உசுரை வாங்குவே?"

"ஆமாடி, நான்தான் கொன்னேன். இவரு கோட்டுப் போடாம போனதுக்கும் நான்தான், கைப்பிடி உடைஞ்சு கிடக்கிறதுக்கும் நான்தான்."

"கத்தாதே" என்று மாமாவின் குரல் கேட்டது. "காது ரெண்டும் இப்பத்தான் உருகிட்டு இருக்கு."

அவள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அதுதான் அவளை அதிகமாக நடுங்க வைத்தது. பேச வேண்டிய அவசியம்கூட இல்லாதவளாக ஆகிவிட்டோம் என்று நினைத்தாள். பிறகு அத்தை யாருக்கோ ஃபோன் போடுவது கேட்டது. "பொறுப்பாளர் அம்மா இல்லையா? சரி, காலையில கூப்பிடச் சொல்லுங்க. ஆமா, அந்தப் பொண்ணு விஷயமாத்தான்."

பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் கட்டிப் பார்த்தாள். முதல் சொல்லிலேயே சரிந்து விழுந்தது.

காலையில் முற்றத்தில் பேச்சுச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டிரைவர் வண்டியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். மூன்று ஊருக்குச் சரக்குப் போயாக வேண்டும். மாமா விரல்களில் கட்டோடு, கோட்டு, பூட்ஸ், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு திறந்த கதவுக்கு முன்னால் நின்றார். வாசலில் செருப்பு இருந்தது. கதவு அகலத் திறந்து கிடந்தது. அவர் உள்ளே போகவில்லை.

"என்னண்ணே, சாமி கும்பிட்டுட்டு நிக்கிறீங்களா?" என்றார் டிரைவர்.

மாமா ஒரு கால் எடுத்து வைத்தார். உடனே பின்னால் இழுத்துக்கொண்டார். கதவு மாதிரி இருந்த அந்த மனிதருடைய முழங்கால் பூட்ஸுக்கு மேலே நடுங்குவது ஜன்னல் வரை தெரிந்தது. அந்த நடுக்கம் அவளுக்குப் பழக்கமானது. இத்தனை நாளாக அவள் முழங்காலில் இருந்தது அதுதான்.

"நான் போறேன், விடுங்க" என்றாள் அத்தை.

"உன்னால அந்தப் பெட்டியைத் தூக்க முடியாது."

"அப்ப டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்குறோம்."

"இன்னைக்குப் போகலேன்னா அப்புறம் நான் எப்பவும் போக மாட்டேன்" என்றார் மாமா சுவரைப் பார்த்து. "செய்தியைக் கூப்பிடு."

"அவளையா? எதுக்கு?"

"கதவைப் பிடிக்க."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"இந்த ஊர்லயே இன்னைக்கு அந்தக் கதவை விடவே விடாத ஆளு அவ ஒருத்திதான்" என்றார் மாமா.

அவள் வந்து நின்றாள். மாமா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். அவர் கண்ணின் ஓரங்கள் இன்னும் சிவந்திருந்தன.

"ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க. நான் வெளிய வர்ற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போகாத. அத்தை கூப்பிட்டாலும் போகாத. நான் கேப்பேன், நீ பதில் சொல்லணும். சத்தமா சொல்லணும்."

தலையாட்டினாள்.

"தலையாட்டினா உள்ள கேக்காது."

"சரி மாமா."

அவர் வாசலுக்கு உள்பக்கம் தொங்கிய ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். குளிர் அவள் கழுத்தில் வந்து மோதியது. இரும்பின் சில்லிப்பு உள்ளங்கை வழியாக எலும்புக்கு ஏறியது. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

பெட்டி ஒன்று வெளியே வந்தது. டிரைவர் வாங்கிக்கொண்டார். மாமா மறுபடியும் உள்ளே போனார்.

"இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

ஒவ்வொரு தடவையும் அவர் குரல் கொஞ்சம் தூரமாகப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் அவளுக்கு மூச்சு நின்றது. காற்றில்லை, கதவை யாரும் தொடவில்லை. ஆனாலும் அது தன்னால் மூடிக்கொள்ளப் பார்க்கிறது என்றே அவளுக்கு இருந்தது. காலை அகட்டி வைத்து, முதுகைக் கதவுக்குக் கொடுத்து, முழு உடம்பாலும் தள்ளிப் பிடித்தாள்.

வீட்டுக்குள் ஃபோன் அடித்தது. பாப்பா எட்டிப் பார்த்தாள். "அம்மா, பொறுப்பாளர் அம்மா லைன்ல இருக்காங்க. செய்திகிட்டப் பேசணுமாம்."

அவள் அசையவில்லை. வீட்டைப் பார்க்கக்கூட இல்லை. கண்கள் ரப்பர் திரையிலேயே இருந்தன.

அத்தை அவளையும் பார்த்தாள், கதவையும் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய் ஃபோனை வாங்கினாள்.

"நான்தாங்க பேசுறேன். ஆமா, நேத்து நான்தான் கூப்பிட்டேன்." ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். "இல்லீங்க, அவ இப்ப வர முடியாது. வேலையா இருக்கா. சரக்கு ஏறி முடியட்டும், அப்புறமா கூப்பிடுங்க."

உள்ளே ரொம்பத் தூரத்தில், கடைசி வரிசைப் பெட்டிகளுக்கும் அப்பால், பூட்ஸ் சத்தம் நின்றது.

"இருக்கியா?"

கையில் உணர்வே இல்லை. குரல் இருந்தது. தெரு முனை வரை கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.